நோன்புக்கு அதிரசம்: ருசி பார்க்காமல் சுடப் பழகுவது

எங்கள் வீட்டில் தீபாவளி முறுக்கைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒடித்துத் தின்னலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதிரசத்தை மட்டும் வாயில் வைக்கக் கூடாது. தீபாவளியை ஒட்டி கௌரிக்கு எடுக்கும் கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் எண்ணி வைத்துப் படைத்து, நோன்புக் கயிறு கட்டி முடித்த பிறகுதான் தின்னக் கிடைக்கும். ஆரணிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இதே வழக்கம்தான்.

கல்யாணமான முதல் வருடம் இதில் இருக்கும் சிக்கல் எனக்கு உறைக்கவில்லை. ருசியே பார்க்காமல் ஒரு பலகாரத்தை எப்படிப் பழகுவது? இனிப்பு போதுமா, உள்ளே வெந்ததா, கடிக்க வருமா என்று எதுவும் தெரியாது. அந்த வருடம் நான் சுட்டதைத்தான் படைத்தோம். பூஜை முடிந்து முதல் அதிரசத்தை எடுத்த மாமனார் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "என் பல்லு செட்டு இதுக்குத் தாங்காதும்மா" என்று மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அதனால் புதிதாகச் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தீபாவளிக்கு 3 வாரம் முன்பே, நோன்புக் கணக்கில் சேராத கால் கிலோ அரிசியில் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். அதை இஷ்டம்போலத் தின்னலாம், கெட்டுப் போனாலும் கவலை இல்லை. அப்போது உங்கள் கையும் கண்ணும் பழகிவிடும். நோன்பு நாளில் உங்களுக்குத் துணை அவை இரண்டும்தான்.

நாள் கணக்கு

அதிரசம் ஒரே நாளில் முடியும் வேலை இல்லை. மாவைப் பாகில் போட்டுக் கிளறியபின் குறைந்தது 1 நாள் ஊற வேண்டும். 2 அல்லது 3 நாள் ஊறினால் இன்னும் நல்லது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நான் புதன்கிழமை பாகு காய்ச்சி, சனிக்கிழமை காலை சுடுவதாக இருக்கிறேன். இன்னொன்று, நோன்பு அமாவாசையைப் பார்த்து வருவது. சில வருடங்களில் தீபாவளி விடியும்போது அமாவாசை பிறந்திருக்காது. அப்போது சில வீடுகளில் நோன்பை மறுநாள் எடுப்பார்கள். தினசரிக் காலண்டரை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

வேண்டியவை

மாவு பச்சரிசி அரை கிலோ, பாகு வெல்லம் 375 கிராம், ஏலக்காய் 6, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி, நெய் 2 தேக்கரண்டி, பொரிக்க எண்ணெய். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பழைய கணக்கு. நான் அதை மாற்றுவதில்லை.

மளிகைக் கடையில் வெறுமனே வெல்லம் என்று கேட்காமல் "பாகு வெல்லம்" என்று கேட்டு வாங்குங்கள். எல்லா வெல்லத்திலும் அதிரசப் பாகு சரியாக வராது. அரிசியும் அப்படித்தான். மாவுக்கென்று விற்கும் பச்சரிசிதான் வேண்டும், பொங்கலுக்கு வாங்கும் விலை உயர்ந்த பச்சரிசி வேண்டாம்.

இந்த அளவுக்கு 25 அதிரசம் போல வரும். நோன்புக்கு 21 போக மீதி நாலைந்துதான். புது ஆள் சுட்டால் அந்த நாலைந்தும் சட்டியிலேயே போய்விடும். அதற்காக ஒரே தடவையில் ஒரு கிலோ போட வேண்டாம். அரை கிலோவாக இரண்டு தடவை செய்யுங்கள். ஒன்று சொதப்பினால் மற்றது இருக்கும்.

1. அரிசியும் மாவும்

அரிசியை 3 தண்ணீர் கழுவி 2 மணி நேரம் ஊறவையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வடிகட்டி, பழைய வெள்ளை வேட்டியில் பரப்பி, நிழலில் காயவிடுங்கள். மின்விசிறிக் காற்று போதும், வெயிலில் போடாதீர்கள். 20 நிமிடம் கழித்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கையில் தண்ணீர் படக் கூடாது, ஆனால் விரித்தால் நாலு அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் அரைக்கும் நேரம்.

மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சலித்த மாவை ஒரு பிடி பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். ஈரம் போகாமல் உடனே மூடிவையுங்கள். கடையில் விற்கும் காய்ந்த அரிசி மாவில் செய்யலாமா என்று தங்கை ஒவ்வொரு வருடமும் போன் போட்டுக் கேட்பாள். முடியாது. காய்ந்த மாவு பாகில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு இறுகிவிடும், அதிரசம் ஓடு மாதிரி வரும். பாகு வைக்கும்போதே மாவு பக்கத்தில் தயாராக இருக்கட்டும். பாகு வந்தபின் சலிக்க உட்கார்ந்தால் எல்லாம் போச்சு.

2. பாகு

மொத்த வேலையும் இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வெல்லத்தைத் தட்டி, 100 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் கொதிக்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நுரை பெரிதாக எழும்பி அடங்கத் தொடங்கியதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. கரையாமல் அடியில் பரவிக் கிடந்தால் நெருங்கிவிட்டது. அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு விட்டுக்கொண்டே இருங்கள். தண்ணீருக்குள் விரலால் கூட்டினால் ஒன்றுசேர்ந்து உருள வேண்டும், வெளியே எடுத்து வைத்தால் மெதுவாகத் தளர்ந்து சரிய வேண்டும். அதுதான் உருட்டுப் பதம், அடுப்பை அணையுங்கள்.

உருண்டையைத் தட்டில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வந்தால் அது கமர்கட்டுப் பதம். நான் முதல் வருடம் செய்தது அதைத்தான். சத்தம் கேட்டபோது, பாகு நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு பட்டேன்.

சர்க்கரைப் பாகுக்கான வெப்பமானி வீட்டில் இருந்தால் 112 முதல் 116 டிகிரி செல்சியசுக்குள் அணைக்கலாம். மாமியாரிடம் அதைக் காட்டினேன். "இதுக்குக் காய்ச்சலா அடிக்குது?" என்றார்.

3. மாவு கிளறுவது

அணைத்த பாகில் ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி போட்டு, மாவை ஒரு கை ஒரு கையாகத் தூவிக் கிளறுங்கள். ஒருவர் தூவ இன்னொருவர் கிளறினால் சுலபம். எங்கள் வீட்டில் தூவுவது என் கணவர் வேலை. மாவு முழுவதையும் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. சப்பாத்தி மாவு மாதிரி கெட்டியானால் மாவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் அளவுக்குத் தளர்வாக நிறுத்துங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஊற ஊற இறுகிவிடும். மேலே நெய் தடவி, ஆறியதும் மெல்லிய துணியால் வாய் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் வெளியிலேயே வையுங்கள். மீந்த ஈர மாவை நிழலில் உலர்த்தி எடுத்துவையுங்கள், பிறகு தேவைப்படலாம்.

4. சுடுவது

சுடும் நாளில் மாவைப் பிசைந்து பாருங்கள். கல்லாக இருந்தால் வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி தெளித்துப் பிசையலாம். சுடுதண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் வைத்தாலும் இளகும்.

முதலில் ஒரே ஒரு சிறிய உருண்டை. வாழையிலையில் நெய் தடவி, கால் அங்குல கனத்துக்குத் தட்டி, மிதமாகக் காய்ந்த எண்ணெயில் வழுக்கி விடுங்கள். உள்ளே போய், மெதுவாக மேலே வந்து, உப்ப வேண்டும். போட்டவுடன் சடசடவென்று கருத்தால் எண்ணெய் சூடு அதிகம். மேலே வராமல் அடியிலேயே கிடந்தால் சூடு போதாது.

எண்ணெயில் பூப்பூவாகப் பிரிந்து கரைந்தால் பாகு பதம் வரவில்லை. எடுத்துவைத்த மாவிலிருந்து ஒரு கை சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் பிரிந்தால் மல்லுக்கட்டாதீர்கள். கோதுமை மாவும் மசித்த வாழைப்பழமும் சேர்த்துக் கரைத்துப் பணியாரக் கல்லில் ஊற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

சோதனை உருண்டை சரியாக வந்தால் எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரே முறை திருப்பினால் போதும். எடுக்கும் நிறம்தான் பலருக்கும் குழப்பம். வெல்லம் சேர்ந்ததால் வெளியே எடுத்தபின்னும் நிறம் ஏறும். செங்கல் நிறம் வந்ததுமே எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அமுக்கி எண்ணெயைப் பிழிய வேண்டும். சிலர் இதற்கென்றே மரக் கட்டை வைத்திருப்பார்கள். டபராவின் அடிப்பக்கமும் போதும். ஆறிவிட்டால் எண்ணெய் வராது, அமுக்கினால் உடைந்துதான் போகும். பிழிந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி ஆறவிடுங்கள்.

ஆந்திராவில் அரிசெலு, கர்நாடகத்தில் கஜ்ஜாயம், மகாராஷ்டிரத்தில் அனரசா என்று சுற்றிலும் இதற்குச் சொந்தங்கள் உண்டு. அரிசெலுவில் எள் சேர்ப்பார்கள், சங்கராந்திக்குச் சுடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா ஜனவரியில் கொடுக்கும் அரிசெலுவை மட்டும் நான் தைரியமாக ருசி பார்த்துக் கற்றுக்கொள்வேன்.

5. நோன்பு

தீபாவளி விடிவதற்குள் நல்லெண்ணெய் வைத்துக் குளித்து, லேகியம் தின்று, புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்து உடுத்தி, பட்டாசு வெடித்து எல்லாம் முடிந்த பிறகு நோன்பு வேலை தொடங்கும்.

எங்கள் வீட்டில் கலசம் வைத்து, பக்கத்தில் அம்மிக் குழவியைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அதையே கௌரியாக உட்கார்த்துவோம். அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் அம்மி போய்விட்டது. குழவி மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் இதற்காகவே பரணிலிருந்து இறங்குகிறது. தட்டில் அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் எல்லாம் 21, 21-ஆக வரும். நோன்புக் கயிற்றிலும் 21 முடிச்சு. சிவனை மட்டும் கும்பிட வேண்டும் என்று பிருங்கி முனிவர் வண்டாக மாறிச் சிவனை மட்டும் சுற்றிவந்தார், மனம் நொந்த கௌரி 21 நாள் விரதம் இருந்து சிவன் உடம்பில் பாதியைப் பெற்றாள் என்பது கதை. இந்த 21 அந்த விரதத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த 21 நாளும் விரதம் இருந்து கடைசி நாளில் காப்புக் கட்டுவார்கள். நாங்கள் ஒரே நாளில் முடித்துக்கொள்கிறோம்.

நோன்பு எடுக்கும் வழக்கம் இல்லாத வீட்டில் பிறந்தவர்கள் இதையெல்லாம் செய்தாக வேண்டும் என்பதில்லை. அதிரசத்தை மட்டும் சுட்டுத் தின்னலாம். கயிறும் கணக்கும் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையே செய்யுங்கள்.

கயிறு கட்டி முடிந்ததும் முதல் அதிரசம் மாமனாருக்கு. இப்போதும் அவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடிக்கிறார். மீதியை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவையுங்கள். ஈரக் கை படாமல் எடுத்தால் 10 நாளாவது தாங்கும். மறுநாள் பாகு நன்றாக உள்ளே இறங்கி இன்னும் மெதுவாக இருக்கும் என்பதால், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் தட்டை நான் மறுநாள்தான் அனுப்புவேன்.