பழைய போக்கோ எஃப்1-இல் புது ஆண்ட்ராய்டு: போனைக் கெடுக்காமல் கஸ்டம் ரோம் போடுவது எப்படி?

2018 ஆகஸ்டில் 20,999 ரூபாய் விலையில் இந்தியச் சந்தைக்கு வந்த போக்கோ எஃப்1 இன்னும் நிறைய பேரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஸ்னாப்டிராகன் 845 சிப் இருப்பதால் அன்றாட வேலைகளுக்கு இன்றும் தாராளமாகப் போதும். ஆனால் ஷாவ்மி அதற்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 10. அதற்கு மேல் பாதுகாப்பு அப்டேட்கூட வராது. இப்படிப்பட்ட போன்களுக்காகத்தான் கஸ்டம் ரோம், அதாவது போன் நிறுவனம் அல்லாத வேறு ஆர்வலர்கள் உருவாக்கித் தரும் ஆண்ட்ராய்டு, இருக்கிறது.

ரோம்களில் பல வகை உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது லீனியேஜ்ஓஎஸ். 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் என்ற பழைய கஸ்டம் ரோம் மூடப்பட்டபோது அதைத் தொடர்ந்து எடுத்து நடத்தியவர்கள் இவர்கள். பளபளப்பு குறைவுதான், ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக நிறுவல் பக்கம் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை செய்பவருக்கு வேண்டியது அதுதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும்.

தொடங்கும் முன்: இந்த போன் எதற்குப் பயன்படுகிறது?

பூட்லோடர் என்பது போனைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள், வேறு ரோம் போட அதன் பூட்டைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த போனை, மென்பொருள் மாற்றப்பட்டதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதனால் சில வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் திறக்க மறுக்கலாம். சில நாள் ஓடிவிட்டு ஓர் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோவதும் உண்டு. படம் பார்க்கும் செயலிகளில் ஹெச்டி தரம் போகக்கூடும். இதைச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன, ஆனால் அது பூனை எலி விளையாட்டு. ஆகவே உங்களிடம் இருப்பது ஒரே போன், அதில்தான் ஜிபே, வங்கி, அலுவலகம் எல்லாம் ஓடுகிறது என்றால், இந்தப் பதிவை வாசித்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது போன் இருந்தால் மேலே போகலாம்.

படி 1: போனின் உண்மைப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி ரோம் பதிவிறக்கக் கூடாது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு குறிப்பெயர் உண்டு. போக்கோ எஃப்1-க்கு அது 'பெரிலியம்'. ரெட்மி நோட் 7-க்கு 'லாவெண்டர்', ரெட்மி நோட் 7 ப்ரோவுக்கு 'வயலட்'. பெயரில் ஒரு ப்ரோதான் வித்தியாசம், உள்ளே சிப்பே வேறு. டேப்லெட்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டில் சிம் போடும் வகைக்கு ஒரு குறிப்பெயர், வைஃபை மட்டும் உள்ள வகைக்கு இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. ரோமை மாற்றிப் போடக் கூடாது.

பதிவிறக்கும் கோப்பின் பெயரிலேயே குறிப்பெயர் இருக்கும். இருக்கிறதா என்று பாருங்கள். லீனியேஜ் தளத்தில் உங்கள் சாதனம் இப்போதும் பராமரிக்கப்படுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அங்கே இல்லாமல் யாரோ ஒருவரின் டெலிகிராம் குழுவில் மட்டும் கிடைக்கும் ரோம், முதல் முயற்சிக்கு வேண்டாம்.

படி 2: எல்லாம் அழியும் என்று நினைத்துக்கொண்டு பேக்கப்

பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். போட்டோ, வீடியோவை எல்லாரும் எடுத்து வைத்துவிடுவார்கள். மறப்பது வேறு சில: வாட்ஸ்அப் அரட்டை, குரல் பதிவுகள், டவுன்லோட்ஸ் கோப்புறை, எல்லாவற்றையும்விட முக்கியமாக இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆத்தென்டிகேட்டர் குறியீடுகள். அவற்றை வேறு போனுக்கு மாற்றிய பிறகே அடுத்த வேலை. இல்லாவிட்டால் ரோம் நன்றாக ஏறிவிடும், உங்கள் மின்னஞ்சலுக்குள்தான் நீங்கள் நுழைய முடியாது.

கூகுள் கணக்கையும் திரைப் பூட்டையும் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்காமல் ரெகவரி (படி 5-இல் வரும் தனி மென்பொருள்) வழியாக அழித்தால், பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. வேறொருவரிடமிருந்து வாங்கிய போன் என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 3: மடிக்கணினியைத் தயார் செய்யுங்கள்

கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பைப் பதிவிறக்கி, சி டிரைவில் இடைவெளி இல்லாத பெயருள்ள கோப்புறையில் விரியுங்கள். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் கருவிகள் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ரோம், ரெகவரி கோப்புகளையும் அதே கோப்புறையில் போட்டு, அங்கேயே கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்தால் கட்டளை அடிக்கும்போது பாதை தேட வேண்டியதில்லை.

பதிவிறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று பார்க்க, தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். விண்டோஸில் 'சர்ட்யூடில் -ஹாஷ்ஃபைல்' என்று அடித்து, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரையும் 'எஸ்ஹெச்ஏ256' என்பதையும் சேர்த்தால் அந்த எண்ணைக் காட்டும். முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் பொருந்தினால் பதிவிறக்கம் பாதியில் அறுந்துபோகவில்லை என்று பொருள். ஒரு நிமிட வேலைதான், பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

கேபிள் விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் புதியவர்களின் பாதித் தலைவலி இங்கேதான். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் கோப்பு போகாது. சில கணினிகளில் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் ஷாவ்மி போன்கள் ஃபாஸ்ட்பூட்டில் (ஆண்ட்ராய்டு தொடங்கும் முன் போன் கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலை) தெரியவே தெரியாது, அல்லது பாதியில் இணைப்பு விட்டுவிடும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் சரியாகிவிடும். புது மடிக்கணினியில் அந்தத் துளை இல்லையா, விலை குறைந்த ஒரு யுஎஸ்பி 2 ஹப்பை நடுவில் வையுங்கள்.

போனில் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். மடிக்கணினி பிளக்கில் இருக்கட்டும். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள்.

படி 4: பூட்லோடர் அன்லாக்

முதலில் போனை அதிகாரபூர்வமான கடைசி அப்டேட் வரை கொண்டுபோங்கள். மோடம் போன்ற அடிமட்ட மென்பொருள் அதில்தான் புதுப்பிக்கப்படும். லீனியேஜ் அதன் மேல்தான் உட்காரும்.

அப்புறம் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பக்கத்துக்குப் போய் மியுஐ (ஷாவ்மியின் ஆண்ட்ராய்டு வடிவம்) பதிப்பு எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் ஓஇஎம் அன்லாக்கை இயக்குங்கள். வைஃபையை அணைத்து, சிம்மின் டேட்டாவில், 'மி அன்லாக் ஸ்டேட்டஸ்' பகுதியில் உங்கள் மி கணக்கைச் சேருங்கள். வைஃபையில் இருந்தால் இந்தப் படி பெரும்பாலும் நடக்காது.

இனி விண்டோஸில் மி அன்லாக் கருவி. போனை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்துங்கள். காது வைத்த குல்லா போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்க்கும் படம் வந்தால் ஃபாஸ்ட்பூட்டுக்குள் வந்துவிட்டீர்கள். கேபிளைச் செருகி அன்லாக் கொடுங்கள். 99 சதவீதம் வரை ஓடிவிட்டு, பெரும்பாலும் 168 மணி நேரம் கழித்து வரச் சொல்லும். அதாவது ஏழு நாள். கருவி கெடவில்லை, ஷாவ்மியின் விதிதான் அது. இந்தக் காலத்தில் மி கணக்கிலிருந்து வெளியேறவோ, மறுபடி சாதனத்தைச் சேர்க்கவோ வேண்டாம், காத்திருக்கும் நாள்களின் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கிவிடலாம். 'உடனே அன்லாக் செய்து தருகிறோம்' என்று காசு கேட்பவர்களிடம் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வாரத்தில் பேக்கப்பை இன்னொரு முறை சரிபாருங்கள்.

நாள் முடிந்ததும் மறுபடி செய்தால் திறந்துவிடும். இனி போன் தொடங்கும்போதெல்லாம் திரையின் அடியில் 'அன்லாக்ட்' என்று காட்டும்.

படி 5: ரெகவரி

ரெகவரி என்பது ஆண்ட்ராய்டுக்கு வெளியே தனியாக ஓடும் சின்ன மென்பொருள். ரோமை உள்ளே ஏற்றுவது அதன் வழியாகத்தான்.

போனை ஃபாஸ்ட்பூட்டில் இணைத்து, 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்று அடியுங்கள். ஒரு வரிசை எண்ணும் பக்கத்தில் ஃபாஸ்ட்பூட் என்றும் வந்தால் சரி. ஒன்றுமே வராமல் வெறும் வரி வந்தாலோ, அடுத்த கட்டளை 'வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்' என்று நின்றாலோ, டிரைவர் அல்லது கேபிள் பிரச்சினை. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெகவரி' என்று அடித்து, இடைவெளி விட்டு, ரெகவரி கோப்பின் முழுப் பெயர். சில நொடிகளில் ஓகே என்று வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த இடத்தில் போனைச் சும்மா ரீஸ்டார்ட் செய்தால் மியுஐ எழுந்து, நீங்கள் போட்ட ரெகவரியை அழித்துத் தன்னுடையதை வைத்துவிடும். அதனால் ஓகே வந்ததும் கேபிளைக் கழற்றி, ஒலி கூட்டும் பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்து நேராக ரெகவரிக்குப் போங்கள். லோகோ வந்ததும் பவரிலிருந்து மட்டும் விரலை எடுங்கள். லீனியேஜின் மெனு தெரிய வேண்டும்.

ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) இருக்கும் ஈஎஃப்எஸ், சென்சார் அளவீடுகள் இருக்கும் பெர்சிஸ்ட் ஆகிய இரண்டு பகுதிகளையும் நகலெடுக்க விரும்புகிறவர்கள் முதலில் டிடபிள்யூஆர்பி என்ற வேறொரு ரெகவரியைப் போட்டு, அவற்றைப் பேக்கப் எடுத்து, மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, பிறகு லீனியேஜ் ரெகவரிக்கு வரலாம். கூடுதல் வேலைதான். ஆனால் சிம் வேலை செய்யாமல் போனால் திரும்பும் ஒரே வழி அந்தச் சின்னக் கோப்பாக இருக்கலாம். நான் செய்யத்தான் சொல்வேன்.

படி 6: ரோமை ஏற்றுவது

ரெகவரி மெனுவில் 'ஃபேக்டரி ரீசெட்', அதற்குள் 'ஃபார்மேட் டேட்டா'. பழைய தரவைப் பூட்டியிருந்த குறியாக்கம் (என்க்ரிப்ஷன்) இதில் போய்விடும். இதைச் செய்யாமல் ரோம் ஏற்றினால் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

முதன்மை மெனுவுக்குத் திரும்பி 'அப்ளை அப்டேட்', பிறகு 'அப்ளை ஃப்ரம் ஏடிபி'. கணினியில் 'ஏடிபி சைட்லோட்' என்று அடித்து, இடைவெளி விட்டு ரோம் கோப்பின் பெயர்.

சதவீதம் ஏறும். 47 வந்ததும் நின்றுவிடலாம். அத்தோடு 'ஃபெயில்ட் டு ரீட் கமாண்ட்: சக்சஸ்' என்றொரு வரியும் வரலாம். தோல்வி, வெற்றி இரண்டும் ஒரே வரியில்! பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள். லீனியேஜின் விளக்கமே இது இயல்பு என்கிறது. உண்மை நிலவரம் போன் திரையில் இருக்கும். அங்கே பிழை எதுவும் இல்லாமல் மெனு திரும்பியிருந்தால் ரோம் ஏறிவிட்டது.

பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் கூகுள் செயலிகளை இப்போதே ஏற்ற வேண்டும். போனை ஒருமுறை தொடங்கிவிட்ட பிறகு போட்டால் செயலிகள் அடிக்கடி மூடிக்கொள்ளும். மைண்ட்தகேப்ஸ் என்ற கூகுள் செயலித் தொகுப்பில் ஆர்ம்64 வகையை, உங்கள் ரோமின் ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்றதை எடுத்து, அதே சைட்லோட் முறையில் அனுப்புங்கள். கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை, தொடரலாமா என்று ரெகவரி கேட்கும். இந்தத் தொகுப்பில் லீனியேஜின் கையொப்பம் இல்லை என்பதுதான் காரணம். அதிகாரபூர்வ இடத்திலிருந்து எடுத்திருந்தால் 'யெஸ்' கொடுக்கலாம். ஆனால் ரோம் கோப்புக்கே அந்தக் கேள்வி வந்தால் நிறுத்திவிட்டு, அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

பிறகு 'ரீபூட் சிஸ்டம் நௌ'. முதல் தொடக்கம் பதினைந்து நிமிடம் வரை எடுக்கலாம்.

நடுவில் மாட்டிக்கொண்டால்

லோகோவில் சுற்றினால் போன் சாகவில்லை. ஃபாஸ்ட்பூட் திறக்கும் வரை நீங்கள் திரும்பி வரலாம். ரெகவரிக்குப் போய் மறுபடி ஃபார்மேட் செய்து, ரோமை மறுபடி ஏற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

மியுஐக்கே திரும்ப நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஷாவ்மியின் மிஃபிளாஷ் கருவியைத் திறந்தால் சாளரத்தின் அடியில் மூன்று வட்டத் தேர்வுகள் இருக்கும். அவற்றில் 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்பது தானாகவே தேர்வாகி உட்கார்ந்திருக்கும். கவனிக்காமல் ஃபிளாஷ் கொடுத்தால் ரோமை ஏற்றிய கையோடு பூட்லோடரையும் பூட்டிவிடும். போட்டது வேறு நாட்டு ரோம் என்றால் போன் திறக்காது, பூட்டிவிட்டதால் ஃபாஸ்ட்பூட்டில் வேறு ரோமும் ஏற்ற முடியாது. எப்போதும் 'கிளீன் ஆல்' என்பதற்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லீனியேஜ் இருக்கும்போது பூட்லோடரை மறுபடி பூட்டுவதும் இதே வம்புதான். வங்கிச் செயலி திறக்குமே என்று ஆசைப்பட்டுப் பூட்டாதீர்கள்.

இன்னொன்று, ஆன்டி ரோல்பேக். ஷாவ்மியின் சில மாடல்களில், இருப்பதைவிடப் பழைய அதிகாரபூர்வப் பதிப்பை ஏற்றினால் போன் முற்றிலும் உயிர்விடும். 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்தவர்கள் பலர் இப்படித்தான் போனை இழந்தார்கள். ஆகவே மியுஐக்குத் திரும்பினால் உங்கள் குறிப்பெயருக்கான கடைசிப் பதிப்புக்கே திரும்புங்கள். அந்தக் கோப்பை லீனியேஜ் போடும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சாம்சங் டேப்லெட்காரர்களுக்கு: உங்களுக்கு ஃபாஸ்ட்பூட் கிடையாது, டவுன்லோட் மோடும் ஓடின் கருவியும்தான். வேறு ரோம் ஏற்றினால் நாக்ஸ் என்ற சாம்சங் பாதுகாப்பு அமைப்பின் ஃப்யூஸ் ஒன்று நிரந்தரமாக அறுந்துவிடும். பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும் அது ஒட்டாது, செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் போனது போனதுதான்.

ஏறிய பிறகு

புது ரோமின் முகப்பில் மயங்கி உடனே செயலிகளை நிறுவ வேண்டாம். முதலில் *#06# அடித்து ஐஎம்இஐ வருகிறதா பாருங்கள். சிம் போட்டு ஒருவருக்கு அழைத்துப் பேசுங்கள். ஜியோ சிம் என்றால் வோல்ட்இ (4ஜி வழியாகப் பேசும் வசதி) வேலை செய்தால்தான் அழைப்பே போகும். கைரேகை, இரண்டு பக்கக் கேமரா, ஜிபிஎஸ், புளூடூத், வைஃபை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் தரவு ஏதும் சேராத இந்த நேரத்தில் மறுபடி அழித்து ஏற்றுவது சுலபம்.

எல்லாம் சரி என்றால் பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். இனி வரும் அப்டேட்களுக்குக் கணினி தேவையில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் இருக்கும் அப்டேட்டர் தானே பதிவிறக்கி, ரெகவரி வழியாக ஏற்றிக்கொள்ளும், தரவு அழியாது. ஆனால் அடுத்த பெரிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு மாறும்போது மட்டும் அப்டேட்டரை நம்பாமல், லீனியேஜ் தளத்தில் பெரிலியத்துக்கான மேம்படுத்தல் பக்கத்தைப் படியுங்கள். அப்போது கூகுள் செயலிகளின் புதிய தொகுப்பையும் ரோமோடு சேர்த்தே ஏற்ற வேண்டியிருக்கும்.