சனி ஞாயிறு உலாவுக்கு நாள் பார்த்தீர்களா?

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம். காடி வாங்கினால்கூட நேரம் பார்த்துத்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறோம். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியூர் போய் வருவதற்கு மட்டும், "இந்த வாரம் எல்லாருக்கும் லீவு, கிளம்பலாம்" என்பதோடு சரி. அந்த ஒரு வரியில்தான் பாதிக் கோளாறு இருக்கிறது. நான் ராகு காலத்தைச் சொல்லவில்லை. பொது விடுமுறை, மழை பெய்யும் நேரம், நிலா, கடை அடைக்கும் நாள், இவற்றைச் சொல்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தோட்டத்தில் வேலை செய்கிற வீட்டில் சனிக்கிழமையும் வேலை நாள்தான். கிடைப்பது சனி மதியம் தொடங்கி ஞாயிறு சாயங்காலம் வரை. இவ்வளவு குறுகிய நேரத்தில் தப்பான நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைச் சரிக்கட்ட இடமே இல்லை.

முதலில் கேமரன் மலை. எல்லாருக்கும் விடுமுறை என்றால் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்களும் சேர்ந்து விடுமுறையாகிவிடும், அப்போது மலையேறுவது வண்டிக்குள் உட்கார்ந்து தக்காளித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சமம். அதிலும் நம் பக்கத்து ஆட்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஈப்போ தாண்டி சிம்பாங் பூலாய் வழியாக ஏறுவார்கள், ஆனால் தங்குமிடத்தைத் தானா ராத்தாவில் போட்டிருப்பார்கள். அந்த வழியில் கம்போங் ராஜா, குவாலா தெர்லா, திரிங்காப், கீ ஃபார்ம், பிரிஞ்சாங் எல்லாம் கடந்த பிறகுதான் தானா ராத்தா வரும். கீ ஃபார்ம் காய்கறிச் சந்தைக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில்தான் வண்டி நகராமல் நிற்கும். அந்த வழியில் போவதென்றால் நெரிசலுக்கு இந்தப் பக்கமே தங்கிவிடுவது புத்திசாலித்தனம். தானா ராத்தாதான் வேண்டுமென்றால் தாப்பா வழிப் பழைய சாலையில் ஏறி ரிங்லெட் வழியாகப் போகலாம். சுற்றுதான், வளைவும் அதிகம், பின்சீட்டில் இருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் பையும் ஊறுகாயும் தேவைப்படும். ஆனால் கீ ஃபார்ம் பக்கம் போக வேண்டியதில்லை.

பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. நம் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை நவம்பர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வருகிறது. கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் அன்று வேலை நாள். பக்கத்து மாநிலத்துக்குப் போக விரும்பினால் அந்த மூன்று நாள் பொன்னானது. மழைக்காலம்தான், குடையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். அதே மாதிரி கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நமக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள், பொழுதுபோக்கு இடங்களில் உள்ளூர்க் கூட்டம் இருக்காது.

மழைக்கு வருவோம். தீபகற்பத்தில் மழை அதிகமாகக் கொட்டும் பட்டணங்களில் தைப்பிங் ஒன்று, வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். காரணம் அந்த ஊருக்கு முதுகில் நிற்கும் மலைதான். கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறி, மதியத்துக்கு மேல் மழையாக இறங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்பது மணிக்கு நிதானமாகக் கிளம்பி, வழியில் பசியாறி, காலையில் கடைத்தெரு சுற்றி, மூன்று மணிக்குத் தாமான் தாசேக் ஏரிப் பூங்காவுக்குப் போகிறார்கள். ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தை 1880இல் பூங்காவாக்கிய இடம் அது. தண்ணீர் மேல் கிளை நீட்டிப் படுத்திருக்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. மழையும் காற்றும் அடிக்கும்போது அதே மரங்களுக்கு அடியில் நிற்பது ஆபத்து. திட்டத்தைத் தலைகீழாக்குங்கள்: விடிந்ததும் ஏரி, வெயில் ஏறினால் மிருகக்காட்சிசாலை, மழை தொடங்கினால் கூரை உள்ள இடம். 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது, நாட்டிலேயே பழமையானது. திறந்திருக்கிறதா என்று முதல் நாளே ஒரு போன் போட்டுவிட வேண்டும். மேக்ஸ்வெல் மலை என்று பெரியவர்கள் சொல்லும் புக்கிட் லாருட்டுக்கும் இது பொருந்தும். மண்சரிவால் பலமுறை மூடப்பட்ட பாதை அது.

மழையில் இன்னொரு விஷயம், இதில் விளையாட்டே கூடாது. அருவிக்கும் ஆற்றுக்கும் போகிறவர்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். இங்கே வெயில் அடிக்கும், மேலே காட்டுக்குள் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் ஒரே மூச்சாக இறங்குவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கித் தேநீர் நிறமானால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலிருந்து லாரி வருகிற மாதிரி இரைச்சல் கேட்டால், செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆற்று நடுப் பாறையில் பாய் விரித்துப் பிரியாணிப் பாத்திரத்தைத் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். மலைப்பக்கம் கறுத்திருந்தால் அன்றைக்கு அருவி வேண்டாம். சாப்பாட்டை எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

அப்புறம் நிலா. இதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் கோயில் கொடுத்ததிலும் சரி, மளிகைக்கடை கொடுத்ததிலும் சரி, பதில் அச்சடித்தே இருக்கிறது. தைப்பிங்கிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிற கோலா செபெத்தாங்குக்கும், சிலாங்கூரில் கம்போங் குவாந்தானுக்கும் மின்மினி பார்க்கப் போகிறோம். ஆற்றோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் பெண்ணை அழைப்பதற்காக ஒன்றுசேர்ந்து மினுக்கும். ஒரு மரம் முழுவதும் ஒரே தாளத்தில் எரிந்து அணையும். இருட்டு கெட்டியாக இருந்தால்தான் அது கண்ணில் நிற்கும். பௌர்ணமி சனிக்கிழமையில் படகேறினால் படகுக்காரரே, "இன்னைக்கு நிலா வெளிச்சம்ண்ணே, கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்" என்பார். ஆனால் அவர் அதைச் சொல்வது டிக்கெட் வாங்கிய பிறகு.

கோலசிலாங்கூர் வரை போகிறவர்கள் மின்மினியோடு ஸ்கை மிரர் என்கிற மணல்திட்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். அது எல்லா நாளும் கடலுக்கு மேலே தெரியாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில், தண்ணீர் நன்றாக வற்றும்போதுதான் தலைகாட்டும். படகு கிளம்பும் நேரமும் நீர்வற்றைப் பொறுத்து மாறும். ஆக மின்மினிக்கு இருட்டு வேண்டும், மணல்திட்டுக்கு அமாவாசையோ பௌர்ணமியோ வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவருவது அமாவாசையை ஒட்டிய வாரக்கடைசி ஒன்றுதான். இதில் ஒரு வேடிக்கை. வீட்டில் அமாவாசைக்குச் சைவம் என்றால், இறால் மீயும் நண்டும் மணக்கிற மீனவர் ஊரில் அப்பாவும் பிள்ளைகளும் ஒரு மேசை, அம்மா தயிர்சாதப் பொட்டலத்தோடு இன்னொரு மேசை என்று உட்கார வேண்டியிருக்கும். அமாவாசைக்கு முந்தின நாளோ அடுத்த நாளோ போனால் வீட்டில் சண்டை வராது.

கோலா செபெத்தாங்குக்கு இருட்டின பிறகு போனால் போதும் என்று நினைப்பதும் தவறு. மாத்தாங் சதுப்புநிலக் காட்டுக் கரி சூளைகளைப் பகலில்தான் பார்க்க முடியும். 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கே போட்டதுதான் மலாயாவின் முதல் ரயில்பாதை. அப்போது ஊரின் பெயர் போர்ட் வெல்ட். பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிப் படம் எடுக்க வெளிச்சம் வேண்டாமா? நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் சூளை, பலகை, சாப்பாடு, மின்மினி எல்லாம் வரிசையாக முடியும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடிஎஸ் என்கிற விரைவு மின்ரயில் சுங்கை சிப்புட்டிலும் கோலாகங்சாரிலும் தைப்பிங்கிலும் நிற்கிறது, வசதிதான். விடுமுறை வாரத்தில் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது இறங்கிய பிறகு உள்ள பாடு. சின்ன ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிராப் காடி தேடிப் பாருங்கள். மின்மினி பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு, போகும்போதே அதே ஓட்டுநரிடம் பேசி வைப்பதுதான் வழி.

தூரத்துப் பெயருக்கு மயங்கிப் பக்கத்தில் இருப்பதைத் தாண்டிப் போவதுதான் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் தருகிற தவறு. கோலாகங்சாருக்கு எத்தனையோ பேர் போகிறார்கள், 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்தைப் படம் எடுக்கிறார்கள், ஆற்றங்கரையில் தே தாரிக் குடிக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் இங்கே கொண்டுவந்து நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது என்கிறார்கள். அடிமரம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததே அந்தச் சாதி மரத்துக்குப் பால் வெட்டத்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சாலையில் அரைமணி நேரம்கூட ஆகாது, டோலும் கிடையாது. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் நெரிசல் என்று செய்தி வருகிற நாளில் இந்தப் பழைய சாலை நிம்மதி.

தலைகீழாக, பட்டணத்திலிருந்து நம் தோட்டப்புறத்துக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பச்சையாக இருக்கிறதே என்று செம்பனைத் தோட்டத்துக்குள் காடியை விட்டுப் படம் எடுக்கப் பார்ப்பார்கள். அது தனியார் நிலம், வாசலில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) கேட்காமல் நுழையக்கூடாது. குலை வெட்டுகிற இடத்தில் மேலிருந்து விழுவது இருபது கிலோவாக இருக்கலாம். மருந்து அடிக்கிற நாளும் உண்டு. மழை பெய்த செம்மண் பாதையில் சின்னக் காடி மாட்டினால் டிராக்டர் வந்துதான் இழுக்கும். லயத்து வீடுகள் மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் காப்பியே கொடுப்பார்.

தங்குமிடத்தில் ஏமாறுவதும் நடக்கிறது. முகநூலில் அழகான ஹோம்ஸ்தே படம், விலையும் மலிவு, முன்பணத்தை உடனே போடச் சொல்வார்கள். போடுவதற்கு முன்னால் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், புகார் வந்த கணக்கா என்று காட்டும். பணம் போன பிறகு ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997க்கு அழைக்க வேண்டும். உண்மையான வீடுதான் என்றாலும் எத்தனை பேர் தங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கான வீட்டில் சித்தி, பெரியம்மா பிள்ளைகள் என்று பதினைந்து பேர் வேனிலிருந்து இறங்கினால் வீட்டுக்காரர் முகம் மாறத்தான் செய்யும். மலாய்க் குடும்பத்தின் வீடென்றால் சமையலறையில் எதைச் சமைக்கக்கூடாது என்பதையும் முன்பே பேசிவிடுவது மரியாதை.

வழக்கமாக மூன்று மணிக்குச் சாவி, மறுநாள் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். காலி செய்த பிறகு இன்னும் மூன்று இடம் என்று போடாதீர்கள், ஒன்று போதும். திங்கள் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டியவர்கள் வண்டியில் இருந்தால், ஞாயிறு நாலு மணிக்கெல்லாம் வண்டி வீட்டைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் தாண்டிவிட்டால் நம் ஊரில் பாதிச் சாப்பாட்டுக் கடை அடைத்திருக்கும், ராத்திரிச் சாப்பாட்டை வழியிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.