மது வாங்க வருபவரின் வயதைக் கல்லாவில் சரிபார்க்கும் முறை

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். அதன் பொறுப்பு உரிமையாளரோடு நின்றுவிடாமல், கல்லாவில் நின்று விற்ற ஊழியரையும் சேரும். முகத்தைப் பார்த்து வயதைக் கணிப்பதில் சில ஆண்டுகள் பிசகுவது எவருக்கும் இயல்பு என்பதால், 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்கும் ‘சேலஞ்ச் 25’ நடைமுறையைப் பல கடைகள் பின்பற்றுகின்றன.

கடவுச்சீட்டு, புகைப்படமுள்ள ஓட்டுநர் உரிமம், ‘பாஸ்’ (PASS) எனும் வயதுச் சான்றுத் திட்டத்தின் ஹோலோகிராம் பதித்த அட்டை ஆகியவற்றை ஏற்கலாம். அட்டையைக் கையில் வாங்கி, படத்தை முகத்தோடு ஒப்பிட்டு, பிறந்த ஆண்டோடு நிறுத்தாமல் மாதத்தையும் நாளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். லண்டனில் நம்மவர் நடத்தும் கடைகளில், தெரிந்த வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று கேட்கத் தயங்குவதுதான் பெரிய ஆபத்து; தெரிந்த பிள்ளை என்றால் அக்கறை இன்னும் கூடவே வேண்டும்.

வெளியே காத்திருக்கும் சிறுவருக்காகப் பெரியவர் ஒருவர் வாங்குவதாகத் தெரிந்தாலும், வந்தவர் ஏற்கெனவே போதையில் இருந்தாலும், குரலை உயர்த்தாமல் மறுத்துவிடுங்கள். மறுத்த நாள், நேரம், பொருள், காரணம் ஆகியவற்றை உடனே மறுப்புப் பதிவேட்டில் எழுதுங்கள்.