ஒரு டம்ளர் தண்ணீரில் கற்றுக்கொள்ளும் ஆங்கிலச் சுழல் சொற்கள்

அகராதியில் 'ஸ்வேர்ல்' என்ற சொல்லைத் தேடினால் 'சுழல்' என்று இருக்கும். 'வேர்ல்', 'எடி', 'வோர்டெக்ஸ்' என்று எதைத் தேடினாலும் ஏறக்குறைய அதே பதில்தான். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய நாட்களில் நானும் இவற்றை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டு எழுதியிருக்கிறேன். மரத்தடியில் சருகுகள் மெல்லச் சுழல்வதைச் சொல்ல ஒருமுறை 'மேல்ஸ்ட்ரம்' என்று எழுதினேன். படித்தவர் அங்கே ஏதோ பேரழிவு நடந்ததாக நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பொருளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, அசைவைக் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், ஒரு சொட்டு மை, ஒரு கரண்டி, கொஞ்சம் மண் இருந்தால் போதும்.

படி 1: மையை விடுங்கள்

தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு டம்ளரை லேசாக அசையுங்கள். மை இழை இழையாகப் பிரிந்து, வளைந்து, சுருண்டு இறங்கும். இதுதான் ஸ்வேர்ல். இந்தச் சொல்லில் மென்மை உண்டு, பார்க்க ஒரு வடிவமும் உண்டு. புகை, மூடுபனி, சருகு, பாவாடை விளிம்பு எல்லாம் ஸ்வேர்ல் ஆகும். 'லீவ்ஸ் ஸ்வேர்ல்ட் அரவுண்ட் ஹெர் ஃபீட்' என்றால் அவள் காலைச் சுற்றிச் சருகுகள் சுழன்றன.

'ரூமர்ஸ் ஆர் ஸ்வேர்லிங்' என்று செய்திகளில் அடிக்கடி வரும். வதந்தியும் புகையைப் போலத்தான்: சுற்றிச் சுற்றி வரும், எங்கே தொடங்கியது என்று பிடிபடாது.

படி 2: கரண்டியால் வேகமாகச் சுற்றுங்கள்

இப்போது வேகம் வந்துவிட்டது, அதனால் இது வேர்ல். எழுதும்போது 'டபிள்யூ'வுக்குப் பின் 'எச்' வரும். ஸ்வேர்லில் அது கிடையாது. நீர்ச்சுழிக்கு வேர்ல்பூல், சுழற்காற்றுக்கு வேர்ல்விண்ட். தலை கிறுகிறுத்தால் 'மை ஹெட் வாஸ் வேர்லிங்'. 'கிவ் இட் எ வேர்ல்' மட்டும் தனிக்கதை. 'ஒருமுறை செய்துதான் பாரேன்' என்பதே அதன் பொருள். அங்கே எதுவும் சுற்றுவதில்லை.

சுற்றும் நீரின் நடுவே ஒரு குழி விழுகிறதா? அது வோர்டெக்ஸ். திருப்புதல் என்று பொருள்படும் 'வெர்டெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். பன்மை வோர்ட்டிசீஸ், வோர்டெக்ஸஸ் என்றாலும் பிழையில்லை. இந்தச் சொல்லின் உயிர் உள்ளே இழுப்பதில் இருக்கிறது. அதனால்தான் கடனுக்கும் விரக்திக்கும் இது பொருந்துகிறது: 'எ வோர்டெக்ஸ் ஆஃப் டெட்'. அழகான சுழலுக்கு இதைப் போடாதீர்கள்.

படி 3: கரண்டியை நேராக இழுங்கள்

தண்ணீர் அடங்கட்டும். பிறகு கரண்டியை நேர்கோட்டில் இழுங்கள். அதன் பின்னால் இரு பக்கமும் குட்டிக் குட்டிச் சுழிகள் பிறக்கும். இதற்குப் பெயர் எடி. ஆற்றில் பாறைக்குப் பின்புறம் தண்ணீர் திரும்பி எதிர்த்திசையில் வருமே, அதுவும் இதுதான். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. பெரும்பாலும் ஒரு பெரிய ஓட்டத்தை ஒட்டிப் பிறப்பதைத்தான் எடி என்று சொல்வார்கள். ஆகவே இந்த ஒரு சொல்லைப் போட்டதுமே, அருகில் பெரிய ஓட்டம் ஒன்று இருப்பதையும் வாசகருக்குச் சொல்லிவிடுகிறீர்கள்.

படி 4: மண்ணைப் போட்டுக் கலக்குங்கள்

மண் அடியில் படிந்த பிறகு கலக்கினால், வண்டல் எழுந்து தண்ணீர் கலங்கும். இது ராயில். 'தி நியூஸ் ராயில்ட் தி மார்க்கெட்ஸ்' என்றால் அந்தச் செய்தி சந்தைகளைக் கலக்கிவிட்டது. கலக்கியது எது, கலங்கியது எது, இரண்டையும் சொல்லிவிட்டால் பெரும்பாலும் வாக்கியம் சரியாக அமையும்.

கரண்டியை மேலும் கீழும் அடித்து நுரை எழச் செய்தால் சர்ன். நம்முடைய 'கடைதல்' அப்படியே இதற்குப் பொருந்தும். இங்கே தமிழர் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பயத்தில் வயிற்றைக் கலக்கியது என்போம், செய்தி ஊரைக் கலக்கியது என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் வயிறு சர்ன் ஆகும், சந்தை ராயில் ஆகும். இரண்டையும் மாற்றிப் போடாமலிருப்பதே நல்லது. 'சர்ன் அவுட்' என்பது தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மளமளவென்று செய்து தள்ளுவது. ஒருவரைப் பாராட்ட நினைத்து இதைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 5: பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள்

கொதிநீர் அடியிலிருந்து புரண்டு புரண்டு வருவதைப் பாருங்கள். சீத் என்ற சொல்லுக்குப் பழைய பொருளே கொதிக்கவைப்பதுதான். 'சாடன்' என்பது அதன் பழைய வினைவடிவம்; இன்று அதற்குச் சொதசொதவென்று நனைந்த என்று பொருள். 'ஷி வாஸ் சீதிங்' என்பதற்கு நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: குமுறினாள். சத்தம் போட்டுத் தீர்த்துவிட்டால் அது சீத் இல்லை. கோபம் உள்ளேயே கொதிக்க வேண்டும்.

படி 6: பெரிய சொற்கள் இரண்டு

மை சோதனையை 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் செய்து காட்டினார். நீர் மெதுவாக ஓடும்போது சாயம் ஒரே நூலாகச் சென்றது; வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் சிதறிச் சுழிகளாயிற்று. அவர் அப்படிச் சிதறிய ஓட்டத்தை நெளிவு என்று பொருள்படும் 'சினுவஸ்' என்ற சொல்லால் குறித்தார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1887இல் 'டர்புலன்ட்' என்ற சொல்லை இதற்குக் கொண்டுவந்தார். கூட்டம், அமளி என்று பொருள்படும் 'டுர்பா' என்ற லத்தீன் சொல் அதன் வேர். ஆகவே டர்புலன்ட் என்றால் வட்டமிடுவது அல்ல, ஒழுங்கு குலைவது. கொந்தளிப்பான காலத்தையும் உறவையும் இப்படிச் சொல்லலாம். விமானம் குலுங்குவது டர்புலன்ஸ். எத்தனை முறை குலுங்கினாலும் ஒருமையிலேயே சொல்லுங்கள்.

மேல்ஸ்ட்ரம் டச்சுக்காரர்கள் தந்தது: 'அரைக்கும் நீரோட்டம்'. நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்கு அருகே, கடல் ஏற்ற வற்றத்தால் சுழிக்கும் மோஸ்க்ஸ்ட்ராமன் என்ற பகுதிக்கு வைத்த பெயர் அது. போர், புரட்சி, பெருங்குழப்பம் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நீங்களே செய்து பாருங்கள்

இந்த மூன்றுக்கும் சொல் தேடுங்கள். படகின் மோட்டார் பின்னால் தண்ணீரை வெண்ணுரையாக்குகிறது. அவமானப்பட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறான். வெள்ளத்தில் பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஓர் இலை நகராமல் வட்டமிடுகிறது.

முதலாவது சர்ன். இரண்டாவது சீத். மூன்றாவதில் இலையைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்றால் ஸ்வேர்ல், அதைப் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைப் பற்றி என்றால் எடி.