பக்கத்துக் காடு குடோன் ஆகப்போகிறதா? நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபணை மனு எழுதும் முறை

எங்கள் ஊர் 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் என்று மூன்று நகராட்சிகள், சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி உட்பட ஏழு பேரூராட்சிகள், அப்புறம் விளாங்குறிச்சி ஊராட்சி. எல்லாம் ஒரே வருஷத்தில் உள்ளே வந்தன. 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 257 ஆனது. சோளக்காடும் தென்னந்தோப்புமாக இருந்த இடங்களுக்கு வார்டு எண் கிடைத்தது.

நான் ஓர் ஆவண எழுத்தரிடம் 22 வருஷம் வேலை பார்த்தவள். எத்தனை ஆயிரம் செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் எங்கள் வீதியில் யாருக்காவது நிலத்தில் சந்தேகம் என்றால் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். சில வருஷமாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பக்கத்துக் காட்டைத் தொழிற்சாலைக்கு மாத்தறாங்களாம், மாமன்றத்துல வருதாம், என்னங்க பண்றது?" எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம்; மாமன்றம் என்பது மாநகராட்சி உறுப்பினர்கள் கூடும் மன்றம். இரண்டு முறை இந்த வேலையில் நானே இறங்கியிருக்கிறேன். முதல் முறை தோற்றேன். இரண்டாவது முறை பாதிக்கு மேல் ஜெயித்தேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்ந்ததால் மட்டும் நிலம் மாறாது

ஊர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டால் விவசாய நிலமெல்லாம் தானாக வீட்டுமனை ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த உள்ளாட்சி வரி வாங்கும், யார் குப்பை அள்ளுவார்கள் என்பதுதான் சேர்ப்பால் மாறுகிறது. நிலம் எதற்குப் பயன்படலாம் என்பதை முடிவு செய்வது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). அதைத் தயாரிப்பது உள்ளூர் திட்டக் குழுமம். அதன் எல்லையும் மாநகராட்சி எல்லையும் ஒன்றல்ல. பல ஊர்கள் மாநகராட்சியில் சேர்வதற்கு முன்பே திட்டப் பகுதிக்குள் இருந்தவை.

கோவைக்கு 1994-ல் ஒப்புதலான முழுமைத் திட்டமே கிட்டத்தட்ட முப்பது வருஷம் நடைமுறையில் இருந்தது. 2041-ஐ இலக்காக வைத்த வரைவு 2024 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. இடையில் ஊர் எவ்வளவு வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். சுற்றிலும் வீடு வந்தபின்னும் காகிதத்தில் விவசாயமாகவே இருந்த காடுகள் ஏராளம். அதனால் உரிமையாளர்கள் தனித்தனியாக "நில உபயோக மாற்றம்" கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். உள்ளாட்சியின் தீர்மானம் வேண்டும் என்பதால் அது மாமன்றத்துக்கு வருகிறது. விற்பதும் மாற்றுவதும் அவரவர் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காடு என்னவாகிறது என்பதைப் பொறுத்துத்தான் பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறும் பாதையும் இருக்கிறது. அவர் பேசுவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

உங்கள் கிராமம் எந்த முழுமைத் திட்டத்திலும் இல்லையென்றால் வழி வேறு. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி, அங்கே விவசாய நிலத்தை மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். உங்கள் ஆட்சேபணை போக வேண்டிய இடமும் அதுதான். 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு சேர்க்கும் பேச்சு வந்தபோது, இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக மேயர் அலுவலகத்துக்கு மனுவோடு போனவர்கள் உண்டு. திட்டப் பகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பிடியுங்கள்

என் முதல் தோல்வி இங்கேதான். பழைய வழக்கப்படி "ராமசாமி கவுண்டர் காடு" என்கிற மாதிரியே எழுதிக் கொடுத்தேன். அரசு காகிதத்தில் ஆள் பெயருக்கு வேலையில்லை. வருவாய் கிராமத்தின் பெயர், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு, பரப்பு ஆகிய நான்கும் வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஊர் நகரத்தோடு சேர்ந்தபின் பல இடங்களில் நகர நில அளவை நடந்து, வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புது எண் கொடுத்திருப்பார்கள். முழுமைத் திட்டத்தின் பட்டியலிலோ பழைய கிராமப் புல எண்தான் இருக்கும். நில மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டு வரும் விளம்பரத்தில் ஒரு எண், உங்கள் பட்டாவில் வேறு எண் என்று இருந்தால் பதற வேண்டாம். பழைய எண்ணுக்குப் புது எண் எது என்கிற ஒப்பீட்டுப் பட்டியல் தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் இருக்கும். மனுவில் இரண்டையும் எழுதுங்கள். வருவாய் கிராமத்தின் பெயர் மட்டும் ஊர் எங்கே சேர்ந்தாலும் மாறுவதில்லை, அதையும் விடாதீர்கள்.

பரப்பிலும் கவனம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும், நாம் பேசுவது ஏக்கரும் செண்டும். ஒரு ஏக்கர் நூறு செண்டு, ஹெக்டேரில் 0.4047. சொன்ன பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம் வரைபடம். குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை என்று வழக்கமாகப் போடுவார்கள், ஆனால் அச்சில் நிறம் மங்கிவிடும். நிறத்தை நம்பாமல், திட்டத்தோடு இணைத்த புல எண் பட்டியலைப் பாருங்கள். கைக்குக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் கெடு முடிந்துவிடும் என்றால் நேரில் போய் எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

புலப்படத்தோடு காட்டை நடந்து பாருங்கள்

இரண்டாவது முறை வந்தது எங்கள் தோப்பை ஒட்டிய நாலு ஏக்கர் இருபது செண்டு. விவசாயத்திலிருந்து தொழில் உபயோகத்துக்கு மாற்றக் கேட்டிருந்தார்கள். எங்களுடையது ஒரு ஏக்கர் பன்னிரண்டு செண்டு, தென்னை மட்டும்.

அரசின் இணைய சேவைத் தளத்தில் புலப்படத்தை (அந்தப் புல எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்) எடுத்து அச்சிட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்கு என் சித்தப்பா மகனோடு இறங்கினேன். படத்தில் கிழக்கு எல்லையை ஒட்டி இரண்டு கோடுகள் இணையாகப் போயின. அது ஓடை. நிலத்தில் போய்ப் பார்த்தால் அங்கே சீமைக்கருவேலமும் கட்டிட இடிபாடும்தான். ஓடையாகவே தெரியவில்லை. வடகிழக்கு மூலையில் அளவுக்கல் இருக்க வேண்டும் என்று தேடினோம். பனைமரத்தின் வேருக்குள் பாதி புதைந்து, உச்சி மட்டும் ஒரு தேங்காய் அளவுக்கு வெளியே தெரிந்தது. அங்கிருந்து டேப் பிடித்தோம். படத்தில் ஓடை ஆறு மீட்டருக்கு மேல் அகலம். தரையில் இரண்டு மீட்டர்கூட இல்லை. மழைக்கு எங்கள் தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மேற்கே இட்டேரி. கிராமத்தின் நில விவரப் பதிவேடான ஏ பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருப்பது. இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவில் நாலரை மீட்டர். அந்த நிலத்துக்குள் போக அது ஒன்றுதான் வழி. கண்டெய்னர் லாரி திரும்ப வேண்டுமானால் யாருடைய வேலியையாவது உடைக்க வேண்டும்.

இந்த இரண்டு அளவையும் படம் எடுத்தேன். டேப்பின் எண் தெரிகிற மாதிரி, பின்னணியில் அடையாளம் ஒன்று இருக்கிற மாதிரி எடுங்கள். வெறும் புதரைப் படம் எடுத்தால் அது எந்த ஊர்ப் புதர் என்று யாருக்கும் தெரியாது.

மாமன்றத்துக்கு முன்னால்

மாமன்றத்தில் பொதுமக்கள் எழுந்து பேச முடியாது. உறுப்பினர்தான் பேச வேண்டும். அதனால் உங்கள் வார்டு உறுப்பினரைக் கூட்டத்துக்கு முன்பே பாருங்கள். நிகழ்ச்சி நிரல் அவர் கைக்குச் சில நாள் முன்பே வந்துவிடும், ஆனால் அதில் பொருள்கள் நிறைய. எங்கள் விஷயம் இருந்தது ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒன்றாக, நாலே வரியில். எல்லாம் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. பொருள் எண்ணை நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

எங்கள் உறுப்பினர் என்னைவிட இருபது வயது சின்னவர். முதல் முறை 31 கையெழுத்தோடு போன மனு ஏன் எடுபடவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னது இது:

"அக்கா, எல்லாருமே வேண்டாம்னுதானுங்க எழுதறாங்க. எதுக்கு வேண்டாம்னு ஒருத்தரும் எழுதறதில்லைங்க. நான் எந்திரிச்சு நின்னா கையில ஒரு அளவு வேணுமுங்க்கா."

அவருக்கு அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். புல எண், ஓடையின் அகலம் படத்தில் இவ்வளவு, தரையில் இவ்வளவு, பாதை இவ்வளவு, இரண்டு புகைப்படம். கூட்டத்தில் அவர் மூன்று நிமிஷம் பேசியிருப்பார். வேறு ஊர்களில் இதே சிக்கல் உள்ள இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்துகொண்டார்கள். பொருள் கள ஆய்வுக்காக ஒத்திவைக்கப்பட்டது.

பகுதி சபைக் கூட்டத்தையும் விடாதீர்கள். ஊராட்சி போனதோடு கிராம சபையும் போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 2022-லிருந்து நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. பழைய கிராம சபை மாதிரி கூட்டம் சேருவதில்லைதான். இருந்தாலும் அங்கே சொன்னது பதிவாக வேண்டும் என்று கேட்டு, பதிவானதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

மனு

மாமன்றத்தோடு நிற்காமல், அறிவிப்பில் சொன்ன அதிகாரிக்கும் தனியாக மனு போக வேண்டும். தனி நில மாற்றத்துக்கு எத்தனை நாள் என்பது அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும். முழுமைத் திட்ட வரைவு என்றால் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். நான் எழுதியதை எண்களை மாற்றித் தருகிறேன்:

"பொருள்: (கிராமத்தின் பெயர்) வருவாய் கிராமம், புல எண் 214/2பி, பரப்பு 1.70 ஹெக்டேர். விவசாய உபயோகத்திலிருந்து தொழில் உபயோகமாக மாற்றுவதற்கு ஆட்சேபணை.

மேற்படி நிலத்தை ஒட்டிப் புல எண் 215/1-ல் எனக்குத் தென்னந்தோப்பு உள்ளது. பட்டா நகல் இணைத்துள்ளேன்.

1. புலப்படத்தில் கிழக்கு எல்லையில் 6.2 மீட்டர் அகல ஓடை உள்ளது. தற்போது தரையில் 1.8 மீட்டர் மட்டுமே உள்ளது. நில அளவர் மூலம் அளந்து, ஓடையை மீட்ட பிறகே மாற்றத்தைப் பரிசீலிக்க வேண்டும்.

2. நிலத்துக்கான ஒரே அணுகுபாதை 4.5 மீட்டர் அகல வண்டிப்பாதை. கனரக வாகனங்களுக்கு இது போதாது.

3. எந்த வகைத் தொழில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எந்த நிற வகைப்பாடு (மாசின் அளவைப் பொறுத்தது) என்று விண்ணப்பத்தில் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குடியிருப்பு உபயோகமாக மாற்றுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டுகிறேன்."

கடைசி வரிக்கு முந்தின வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தக் காடு காடாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அதன் உரிமையாளருக்கு மூன்று பெண்கள், கடன், வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு. எதற்கும் சம்மதிக்காத மனுவை ஒதுக்கிவைப்பது சுலபம். எது பரவாயில்லை என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் பேச ஆரம்பிக்கிறார். உங்கள் மனுவிலும் அப்படி ஒரு வரியை யோசித்துப் பாருங்கள், மனசு ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

"வாழ்வாதாரம் பாதிக்கும்", "இயற்கை அழியும்" என்பதெல்லாம் உண்மைதான். எனக்கும் வயிறு எரியும். ஆனால் அவற்றை மட்டும் எழுதி அனுப்பியதன் பலன், இப்போது எங்கள் வடக்கு எல்லையில் தகரக் கூரையோடு நிற்கிறது.

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவு வசதியோடு விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்படைத்ததற்கான சான்றோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மனு என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். கூட்டாகக் கையெழுத்துப் போடுவதைவிட, ஐந்து வீட்டுக்காரர்கள் அவரவர் புல எண்ணோடு ஐந்து மனு கொடுப்பது மேல். ஐந்துக்கும் தனித்தனியே பதில் தர வேண்டியிருக்கும்.

தீர்மானத்துக்குப் பிறகு

மாமன்றம் சரி என்றாலும் அது முடிவல்ல. கோப்பு திட்டக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று மேலே போகும். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று கேள்விப்பட்டு மனுவை வீட்டிலேயே வைத்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஆட்சேபணைக் கெடுவில் அப்போது பதினொரு நாள் பாக்கி இருந்தது. கோப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

எங்கள் விஷயத்தில் நில அளவர் வந்தார். பனைவேரில் இருந்த கல்லை நான்தான் காட்டினேன். ஓடையின் இரண்டு பக்கமும் புதுக் கல் நட்டார்கள். நாலு மாதம் கழித்து உரிமையாளர் தொழில் உபயோகக் கோரிக்கையைத் திரும்பப் பெற்று, குடியிருப்புக்கு மாற்றக் கேட்டு மறுபடி விண்ணப்பித்தார். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்பதால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தர வேண்டும். அந்த ஒதுக்கீட்டை ஓடையை ஒட்டியே வைக்கச் சொல்லி இன்னொரு மனு கொடுத்திருக்கிறேன். முத்திரை வாங்கிய பிரதி பட்டா கவரிலேயே இருக்கிறது.