வேர்க்குருவுக்குப் பவுடர் வேண்டாம்

சித்திரை வெயிலில் தருமபுரி பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்துவிடும். உடனே நம் கை தேடுவது பவுடர் டப்பாவைத்தான். வியர்வை வெளியேறும் நுண்குழாய்கள் அடைபடுவதால் வருவது வேர்க்குரு. வியர்வையில் குழைந்த பவுடரை அதன் மேல் அப்பினால் அடைப்பு இன்னும் கூடலாம்.

மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, அரிக்கும் இடத்தில் 10 முதல் 15 நிமிடம் போட்டு வையுங்கள். மண்பானைத் தண்ணீரே போதும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். பிறகு தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். அப்படியும் அரித்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் காலமைன் லோஷனை மெல்லியதாகத் தடவலாம். நகம் மட்டும் படவே கூடாது. சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒகேனக்கல் போகிறவர்கள் எண்ணெய் மசாஜை இந்த நேரத்தில் தள்ளிப்போடுங்கள். எண்ணெயும் அடைப்பைக் கூட்டும். குளியலுக்குத் தடையில்லை, மீன் வறுவலுக்கும்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிக்கிறவர்களின் தொல்லை வேறு. காம்பிலிருந்து பீய்ச்சும் பால் பட்டால் தோல் எரிந்து புண்ணாகும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், தோப்பிலேயே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.