போர்வெல் பம்ப் ஹவுஸுக்கு எந்த ஃப்ளோ மீட்டர்? பெங்களூரு நிலவரத்தோடு ஒரு செய்முறை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போய் ஃப்ளோ மீட்டர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பைப் சைஸ்?" மூன்று இஞ்ச் என்று சொன்னதும் மூன்று இஞ்ச் மீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். பாதித் தவறு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மீட்டருக்கு அளவு சொல்ல வேண்டியது பைப் அல்ல, அதில் ஓடும் தண்ணீர்.

ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே பம்ப் ஆபரேட்டராகவோ பேனல் வேலைக்கோ சேர்ந்திருக்கும் தம்பிகளையும், குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு முழிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவரும் திட்டம் வந்துவிட்டாலும், ஊரின் ஓரப் பகுதிகளில் போர்வெல்லை யாரும் மூடிவிடவில்லை.

உதாரணத்துக்கு ஒரே ஒரு பம்ப் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். கே.ஆர்.புரம் பக்கம், நான்கைந்து போர்கள், எல்லாம் ஒரு சம்பில் விழுகின்றன, அங்கிருந்து ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்றுகிறார்கள். ஒரு போரின் டெலிவரி லைன் மூன்று இஞ்ச், அதாவது 80 மி.மீ. இந்த ஒரு போருக்கு மீட்டர் தேர்ந்தெடுப்போம்.

படி 1: எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

போர் போடும்போது ரிக்காரர் "மூணு இஞ்ச் தண்ணி" என்று சொல்லியிருப்பார். திருச்செங்கோட்டு வண்டியானாலும் உள்ளூர் வண்டியானாலும் பேச்சு இதுதான். அந்த மூன்று இஞ்சுக்கும் பைப் சைஸுக்கும் சம்பந்தமில்லை. வி வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாகத் தண்ணீரை விட்டு, வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்த அளவு அது. 90 டிகிரி வெட்டு என்றால் ஒரு இஞ்சுக்கு மணிக்கு சுமார் அரை கன மீட்டர், இரண்டு இஞ்சுக்கு சுமார் 2.9, மூன்று இஞ்சுக்கு சுமார் 8, நான்கு இஞ்சுக்கு 16க்குக் கொஞ்சம் மேல். இரண்டு மூன்றாவதற்குள் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடுவதைக் கவனியுங்கள். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பி மீட்டர் வாங்கக் கூடாது. அது கம்ப்ரஸர் காற்றால் தள்ளி வெளியே வந்த தண்ணீர். மோட்டார் இறக்கிய பிறகு வருவது வேறு. பம்பின் திறன், நீர்மட்டம், பைப்பின் உராய்வு மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

ஆகவே நேரில் அளந்துவிடுங்கள். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, வரத்து நிதானமான பிறகு, டெலிவரியை 200 லிட்டர் டிரம்முக்குத் திருப்பி, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். 90 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 8 கன மீட்டர். இடம் இருந்தால் ஆயிரம் லிட்டர் டேங்க் இன்னும் நல்லது. அதே வரத்துக்கு ஏழரை நிமிடம் ஆகும், கை தாமதத்தால் வரும் பிழையும் சிறிதாகிவிடும்.

இதைக் கோடையிலும் ஒருமுறை செய்ய முடிந்தால் செய்யுங்கள். பெங்களூரு கிரானைட், நைஸ் பாறை பூமி. தண்ணீர் பாறை விரிசல்களில்தான் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் மட்டம் இறங்கினால் பம்ப் இன்னும் ஆழத்திலிருந்து தூக்க வேண்டும், வரத்து குறையும். நம் உதாரணத்தில் மழைக்காலத்தில் 8, கோடையில் 4 என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 2: பைப்புக்குள் வேகம் என்ன?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், பொறுமையாகப் படியுங்கள். கணக்கு ஒற்றை வரிதான்: மணிக்குக் கன மீட்டர் கணக்கில் வரத்தை 354ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கில் பைப் உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று வரும்.

80 மி.மீ. பைப்பில் 8 கன மீட்டர்: 354 × 8 ÷ 6400 = 0.44 மீட்டர். கோடையில் 4 கன மீட்டர் என்றால் 0.22 மீட்டர்தான். மேக் மீட்டர் எனப்படும் மின்காந்த மீட்டருக்கு வசதியான வேகம் 1 முதல் 3 மீட்டர் வரை. 0.3க்குக் கீழே போனால் காட்லாக்கில் போட்டிருக்கும் அரை சதவீதத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. அதாவது தண்ணீர்க் கணக்கு மிகவும் தேவைப்படும் கோடையில்தான் இந்த மீட்டர் தடுமாறும்.

அதே வரத்தை 50 மி.மீ. மீட்டரில் விட்டுப் பாருங்கள்: 8 கன மீட்டருக்கு 1.13 மீட்டர், 4க்கு 0.57. 40 மி.மீ. என்றால் 1.77, 0.89. இரண்டுமே ஓடும். நான் 50ஐ எடுப்பேன். நாளை பம்பைப் பெரிதாக்கினாலும் தாங்கும், அடைப்பு பயமும் குறைவு. 80 மி.மீ. லைனில் முன்னும் பின்னும் ரெட்யூசர் போட்டு மீட்டரை நடுவில் மாட்டிவிடலாம். "பைப்பைக் குறுக்கினால் பிரஷர் போய்விடாதா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். ஐந்நூறு அடி ஆழத்திலிருந்து தூக்கும் பம்புக்கு இந்தக் குட்டைத் துண்டில் போகும் பிரஷர் பொருட்டே இல்லை. ரெட்யூசரின் சரிவு மட்டும் திடீரென்று இல்லாமல் நீளமாக இருக்கட்டும். இன்னொரு லாபம், 50 மி.மீ. மீட்டர் 80ஐவிட விலையும் குறைவு.

படி 3: எந்த வகை?

டர்பைன் வகை பல்க் மீட்டர், அதாவது வோல்ட்மன். உள்ளே ஒரு சக்கரம், தண்ணீர் தள்ளச் சுற்றும். கரண்ட் வேண்டாம், விலை குறைவு, எந்த பிளம்பருக்கும் மாட்டத் தெரியும். பல்க் மீட்டருக்கு ஐ.எஸ். 2373 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. வீட்டு மீட்டருக்கான ஐ.எஸ். 779 வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள். இதன் எதிரி மணலும் காற்றும். புதுப் போர் கொஞ்ச நாள் கல்தூள் தள்ளும், அது பேரிங்கைத் தேய்த்துவிடும். முன்னால் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) போட்டால் அதைக் கழுவ ஆள் வேண்டும். காற்று இன்னும் மோசம். தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் வால்வ், அதாவது என்.ஆர்.வி., கசிந்தால் மோட்டார் நின்றதும் பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மறுபடி ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்துங்கள்: மேலே ஏறும் தண்ணீர் அதற்கு மேலிருக்கும் காற்றை வேகமாகத் தள்ளும், மீட்டர் முள் பறக்கும், எண்கள் ஏறும், சம்பில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. கரண்ட் வந்து வந்து போகும் ஏரியாவில் இது நாளுக்குப் பல தடவை நடக்கும்.

மேக் மீட்டரில் சுற்றுகிற பாகமே கிடையாது. காந்தப்புலத்தின் குறுக்கே மின்சாரத்தைக் கடத்தும் திரவம் ஓடினால் அதில் சின்ன மின்னழுத்தம் பிறக்கும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். ஃபாரடே 1831ல் கண்ட விதிதான். தண்ணீர் கொஞ்சமாவது மின்சாரத்தைக் கடத்த வேண்டும், பொதுவாக சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸ் போதும். நம் உப்புத் தண்ணீரில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும், கவலையே வேண்டாம். மணல் வந்தாலும் தாங்கும். பலவீனம் இரண்டு: மின்சாரம் வேண்டும், பைப் எப்போதும் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் மாடல்களும் கிடைக்கின்றன.

ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கிளாம்ப்-ஆன் வகையைப் பைப்பை வெட்டாமல் வெளியே கட்டிவிடலாம். சோதனைக்கு அருமையான கருவி. நிரந்தரமாக வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் உள்ளே துருவும் உப்பும் படிந்திருக்கும், உண்மையான உள்விட்டம் யாருக்கும் தெரியாது, சிக்னலும் மங்கும். பைப்போடு சேர்ந்தே வரும் அல்ட்ராசோனிக் மீட்டருக்கு இந்தக் குறை இல்லை.

முனிசிபல் பம்ப் ஹவுஸில் வருடக்கணக்கில் ஓட வேண்டும், ஆள் நடமாட்டம் குறைவு என்றால் என் ஓட்டு மேக் மீட்டருக்கே. பட்ஜெட் இல்லை, தண்ணீர் தெளிவாக வருகிறது என்றால் டர்பைன் வாங்குங்கள், அதோடு பைப்பிலிருக்கும் காற்றை வெளியேற்ற ஒரு நல்ல ஏர் வால்வுக்கும் செலவு செய்யுங்கள்.

படி 4: எங்கே மாட்டுவது?

நல்ல மீட்டர் வாங்கித் தப்பான இடத்தில் மாட்டினால் அது கிளி ஜோசியம் மாதிரிதான், ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் கொடுக்கும்.

முதலில், பைப் நிரம்பியிருக்க வேண்டும். போர் லைன் கடைசியில் சம்புக்குள் திறந்த வாயோடு விழுமே, அந்த வாய்க்குப் பக்கத்தில் கிடைமட்டமாக மாட்டாதீர்கள். அங்கே பைப்பின் கீழ்ப்பாதியில் தண்ணீர், மேல்பாதியில் காற்று என்று ஓடும். மேக் மீட்டர் அதையும் முழுப் பைப்பாக நினைத்துக் கணக்குப் போடும். தண்ணீர் மேல்நோக்கி ஏறும் செங்குத்துப் பைப் கிடைத்தால் அதுவே சிறந்த இடம். இல்லையென்றால் லைனைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி ஏற்றி, அந்தத் தாழ்வான பகுதியில் மாட்டுங்கள்.

அடுத்தது நேர் நீளம். எல்போ, வால்வ் தாண்டியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும். மேக் மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு, பின்னால் 2 அல்லது 3 மடங்கு நேர் பைப் விடுங்கள். 50 மி.மீ. என்றால் முன்னால் 25 செ.மீ.; இடமிருந்தால் 50 செ.மீ. விடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிளாம்ப்-ஆனுக்கு 10 மடங்குக்குக் குறையாமல் வேண்டும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், மேனுவலைப் பாருங்கள்.

வரிசை இப்படி இருக்கலாம்: போர் வாய், பிரஷர் கேஜ், ஏர் வால்வ், என்.ஆர்.வி., நேர் பைப், மீட்டர், நேர் பைப், கடைசியில் கேட் வால்வ். வரத்தைக் கட்டுப்படுத்தத் திருகுகிற வால்வ் எப்போதும் மீட்டருக்குப் பின்னால்தான்.

மேக் மீட்டரைக் கிடைமட்டப் பைப்பில் மாட்டினால், மின்னழுத்தத்தைப் பிடிக்க உள்ளே தெரியும் இரண்டு எலக்ட்ரோடும் இடது வலதாக நிற்கும்படி திருப்பி மாட்டுங்கள். மேலும் கீழுமாக நின்றால் மேலே இருப்பது காற்றுக் குமிழில் மாட்டும், கீழே இருப்பது வண்டலில் புதையும்.

படி 5: எர்த்திங், கேபிள்

பி.வி.சி., எச்.டி.பி.ஈ. பைப்பில் மேக் மீட்டர் போட்டால் இருபுறமும் எர்த்திங் ரிங் கட்டாயம். தண்ணீருக்கும் மீட்டருக்கும் ஒரே எர்த் இல்லையென்றால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. இருக்கும் பேனலில் இன்னும் கவனம் வேண்டும். சிக்னல் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே குழாயில் இழுக்காதீர்கள். மழை பெய்தால் சேம்பரில் தண்ணீர் நிற்கும், ஆகவே சென்சார் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் ஐ.பி. 68 தரத்தில், டிஸ்ப்ளே தனியாகப் பேனல் ரூமில். மின்னல் தடுப்பானும் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

படி 6: எண் யாருக்குப் போகிறது?

நோட்டில் எழுதினால் போதுமா, ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பல்ஸ், 4-20 மில்லியாம்ப், ஆர்.எஸ். 485 மோட்பஸ் என்று எண்ணை வெளியே அனுப்பும் வெளியீடுகள் பல உண்டு. பின்னால் சேர்க்க முடியாத மாடலும் உண்டு. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டுதல் டெலிமெட்ரியோடு (அளவைத் தொலைவுக்கு அனுப்பும் வசதியோடு) கூடிய டிஜிட்டல் மீட்டரைக் கேட்கிறது. கர்நாடகத்துக்கு 2011 சட்டத்தின்கீழ் தனி ஆணையம் இருப்பதால், உங்கள் அனுமதிக் கடிதத்தில் என்ன நிபந்தனை என்று படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஒவ்வொரு போருக்கும் ஒன்று, சம்பிலிருந்து வெளியேறும் லைனுக்கு ஒன்று என்று வைத்தால், சம்ப் மட்டம் மாறியதைச் சேர்த்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடலாம். கரண்ட் மீட்டர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்நூறு அடியிலிருந்து தூக்கும் ஏழரை எச்.பி. மோட்டார் 8 கன மீட்டர் கொடுத்தால், ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 0.9 யூனிட் ஆகும். அது மாதாமாதம் ஏறினால் நீர்மட்டம் இறங்குகிறது, இல்லை பம்ப் தேய்கிறது, இல்லை கீழே எங்கோ ஜாயிண்ட் விட்டிருக்கிறது.

படி 7: மாட்டிய அன்றே சரிபார்ப்பது

மோட்டாரை நிறுத்தி, கேட் வால்வை மூடி, பைப்பில் தண்ணீர் நிறைந்து அசையாமல் நிற்கும்போது மேக் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எர்த்திங்கைப் பாருங்கள். பிறகு பழைய டிரம் சோதனை, மீட்டரோடு ஒப்பிட்டு. ஐ.எஸ்.ஓ. 4064 கணக்கில் டர்பைன் மீட்டருக்கு வழக்கமான வரத்தில் 2 சதவீதம், மிகக் குறைந்த வரத்தில் 5 சதவீதம் வரை கூடுதலோ குறைவோ இருக்கலாம். டிரம்மும் கைக்கடிகாரமும் அவ்வளவு நுட்பமாகச் சொல்லாது, ஆனால் 20 சதவீதம் இடிக்கிறது என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முறையான அளவுத்திருத்தத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் இருக்கும் மத்திய அரசின் எஃப்.சி.ஆர்.ஐ. இதற்கென்றே உள்ள நிறுவனம். மீட்டரை அனுப்பிவிட்டால் அது திரும்பும்வரை லைனை நிறுத்த முடியாது. அதனால் மீட்டர் மாட்டுகிற அன்றே, வெல்டர் கையிலிருக்கும்போதே, அதே நீளத்துக்கு அதே ஃபிளாஞ்சோடு ஒரு வெற்றுப் பைப் துண்டு செய்து, இரண்டு கேஸ்கெட்டோடு சேர்த்துப் பம்ப் ஹவுஸிலேயே தயாராக எடுத்து வைத்துவிடுங்கள்; மீட்டர் போனதும் அதன் இடத்தில் மாட்டலாம்.